மலாக்கா வெயிலில் கணினி விசிறிகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மலாக்காவில் நண்பகல் வெப்பம் 32 டிகிரியைத் தொடுவது வழக்கம். ஜாசின், மெர்லிமாவ் பக்கம் தகரக் கூரை போட்ட தோட்ட வீடென்றால் அறைக்குள் அதற்கும் மேலே போகும். எத்தனை விசிறி மாட்டினாலும் கணினியின் சூடு அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே இறங்காது. 20 டிகிரி அறையில் இருந்துகொண்டு யாரோ யூடியூப்பில் காட்டும் அமைப்பு நமக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். ஆயர் குரோவிலும் டுரியான் துங்கலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளின் டெஸ்க்டாப்பில் இன்று நான்கு விசிறி, ஆறு விசிறி இருக்கின்றன. அத்தனையும் ஒரே இரைச்சலாக ஓட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

முதலில் விசிறிக் கம்பி முனையின் பின்களை எண்ணிப் பாருங்கள். 3 பின் விசிறியின் வேகம் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் மாறும். 4 பின் விசிறிக்கு எப்போதும் 12 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். நான்காவது கம்பியில் வரும் துடிப்புதான் வேகத்தை முடிவு செய்யும். 3 பின் விசிறி 4 பின் இணைப்பில் சரியாக உட்காரும். ஆனால் பயோஸில் அந்த இணைப்பு ‘பிடபிள்யூஎம்’ முறையில் இருந்தால் விசிறி ஓயாமல் முழு வேகத்தில் சுற்றும். ‘டிசி’ முறைக்கு மாற்றிவிடுங்கள். “புது விசிறி ரொம்பச் சத்தம் போடுது” என்ற புகாரில் பாதி இதோடு தீர்ந்துவிடும்.

ஒரு விசிறியை விரட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓட விடுங்கள். வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். இரண்டாவது விசிறி சேர்வதால் 3 டெசிபல் கூடினாலும், அதே அளவு காற்று 12 டெசிபல் குறைவான சத்தத்தில் கிடைக்கிறது. ஒரே அறையில் தம்பி தங்கை படுத்துத் தூங்கும் வீட்டில் இது பெரிய வித்தியாசம்.

எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் என்று சொல்லும் வேக வரைகோட்டை உங்கள் அறைக்கு ஏற்ப வரையுங்கள். குளிர் நாட்டு அமைப்புகளில் 40 டிகிரியிலேயே வேகம் ஏறத் தொடங்கும். இங்கே செயலி சும்மா இருக்கும்போதே 45 டிகிரி காட்டும்; அப்படியானால் விசிறிக்கு ஓய்வே இல்லை. 55 டிகிரி வரை 35 சதவீதம், 70இல் 60 சதவீதம், 85இல் முழு வேகம் என்று தொடங்கிப் பாருங்கள். பிறகு பிற்பகல் இரண்டு மணிக்கு, கனமான விளையாட்டையோ காணொளித் தொகுப்பையோ அரை மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். இரவில் செய்யும் சோதனை இந்த ஊரில் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

வேகம் கூடவும் குறையவும் சில விநாடித் தாமதம் வையுங்கள். பல பயோஸ்களில் இதற்கு வசதி உண்டு. செயலியின் சூடு நொடியில் ஏறி நொடியில் இறங்கும். ஒவ்வொரு முறையும் விசிறி சீறி அடங்குவதுதான் காதைத் தொந்தரவு செய்கிறது.

விளையாட்டுக்கான கணினியில் முன்புற விசிறிகளைக் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தோடு இணையுங்கள். அதிகச் சூட்டைக் கக்குவது அதுதான். பயோஸில் இதற்கு வழி இல்லாவிட்டால் விண்டோஸில் ‘ஃபேன் கண்ட்ரோல்’ என்ற இலவச மென்பொருள் போதும்.

உள்ளே இழுக்கும் காற்று வெளியேறும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது வடிகட்டி வலை வழியாகவே காற்று நுழையும். இண்டு இடுக்கில் தூசி புகாது. தோட்டத்துச் செம்மண் பாதையோரம் இருக்கும் வீட்டுக் கணினியின் வலையைக் கழற்றினால் தெரியும்: சிவப்புப் பொடியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். சாம்பிராணிப் புகை படும் இடமென்றால் அது பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு ஊதினாலும் போகாது. வலையை மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். புகைமூட்டக் காலத்தில் வாரம் ஒருமுறை. 2013 ஜூனில் மூவாரில் அவசரநிலை அறிவிக்கப்பட்ட நாட்களில் மலாக்காவையும் அந்தப் புகை சூழ்ந்ததே, அப்படி ஒரு காலம் வந்தால் கணினியைத் தேவைக்கு மட்டும் இயக்குவது நல்லது.

விசிறி இல்லாத துளைகளுக்கும் வலை போடுங்கள். பல்லி உள்ளே போய் முட்டை இடும். ஊர்ந்து திரிந்து மதர்போர்டில் ஷார்ட் சர்க்யூட் ஆக்கவும் செய்யும்.

செய்யக்கூடாதவை

ஒரே இணைப்பில் விசிறிகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். மதர்போர்டின் விசிறி இணைப்பு பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தாங்கும். விசிறியின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆம்பியர் இருக்கும், கூட்டிப் பாருங்கள். தொடங்கும் நொடியில் மின்சாரம் அதிகம் இழுக்கும் என்பதால் 0.25 ஆம்பியர் விசிறி மூன்றுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேலென்றால் பவர் சப்ளையிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் ஹப் வாங்குங்கள்.

5 வோல்ட் வண்ண விளக்குக் கம்பியை 12 வோல்ட் இணைப்பில் திணிக்காதீர்கள். விளக்கு அந்த நொடியே கருகும்.

தண்ணீர்க் குளிரூட்டியின் பம்ப்பை விசிறி வரைகோட்டில் சேர்க்காதீர்கள்.

இரண்டு மென்பொருளை ஒரே நேரத்தில் விசிறிகளை ஆளவிடாதீர்கள். ஒன்று குறைக்கும், மற்றொன்று கூட்டும்.

ஊதிச் சுத்தம் செய்யும்போது இறக்கைகளைச் சுற்ற விடாதீர்கள், விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் தேய்ந்துபோகும். பிளக்கைக் கழற்றி, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போக கேசிங்கின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பத்து பெரெண்டாம் சிப் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த அக்கா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மணிக்கட்டில் பட்டை கட்டாமல் அங்கே எதையும் தொட விடமாட்டார்கள்.

பழைய அலுவலகக் கணினியை மலிவாக வாங்கி, எந்த விசிறியையும் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். சில நிறுவனங்கள் 5 பின், 6 பின் என்று தங்களுக்கே உரிய இணைப்பை வைத்திருக்கின்றன. வாங்கும் முன் கடைக்காரரிடம் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கணினியை டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். உள்ளே ஆறு விசிறி இருந்தாலும் அதே சூட்டுக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, அதன் பிறகு வரைகோட்டைப் பற்றி யோசியுங்கள்.