பட்டியலில் இல்லாத வீடு

அன்புத் தங்கைக்கு,

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இளைஞர் குழு ஒன்றுக்கு நீ பொறுப்பேற்றிருப்பதாக உன் அம்மா சொன்னார். வெள்ளமோ புயல்காற்றோ அடித்து ஓய்ந்தபின் வீடுகளைச் சுத்தம் செய்து கொடுப்பதும், அந்தக் குடும்பங்கள் மறுபடி அடுப்பு மூட்டும்வரை துணை நிற்பதும் உங்கள் வேலை என்றார். எங்கிருந்து தொடங்குவது என்று நீ கேட்டிருக்கிறாய். உன்னைப் போல் புதிதாக இறங்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் நம் நிலத்தைத் தெரிந்துகொள். பேராக் ஆற்றுப் பள்ளத்தாக்கு 1926 டிசம்பரிலும் 1967 ஜனவரியிலும் பெருவெள்ளம் கண்டது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய காலத்து மணல் ஆறுகளில் இறங்கி அவற்றின் படுகையை மேடாக்கியது. 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில் மலையிலிருந்து சேறும் மரங்களும் சரிந்து, 44 ஒராங் அஸ்லி மக்கள் மாண்டார்கள். வெள்ளம் மட்டுமில்லை. சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வரும் காற்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கூரை முழுவதையும் உரித்துப் போட்டுவிடும். எப்போதாவது ஆலங்கட்டியும் விழும்.

நம் தோட்டங்கள் அமைந்த விதத்தையும் மறக்காதே. துரை பங்களா மேட்டில் இருக்கும். லயம் பள்ளத்தில், ஓடைக்கரையில் இருக்கும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. பள்ளம் பள்ளமாகவே கிடக்கிறது. தோட்டம் கைமாறியபின் போக இடமில்லாமல் லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நிலத்துக்குப் பட்டா இல்லை, வீட்டுக்குச் சரியான முகவரியும் இல்லை. தண்ணீர் முதலில் வருவது அவர்கள் வீட்டுக்கு. உதவி கடைசியாக வருவதும் அங்கேதான், அதுவும் வந்தால்.

அதனால் மண்வெட்டியைத் தூக்கும் முன் நோட்டுப் புத்தகத்தை எடு. எத்தனை மனை, ஒவ்வொரு மனையிலும் எத்தனை அடுப்பு எரிகிறது என்று எழுது. ஒரே கூரையின் கீழ் பெற்றோர், மணமான மகன், கணவனை இழந்து வந்த மகள் என்று மூன்று குடும்பம் இருக்கும். அலுவலகக் கணக்கில் அது ஒரு வீடு. 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் குடும்பத் தலைவருக்கு 1,000 வெள்ளி கொடுத்தபோது, யார் குடும்பத் தலைவர் என்ற கேள்வியிலேயே பல வீடுகளில் மனக்கசப்பு வந்தது. நிவாரண மையத்துக்குப் போனவர்களின் பெயர் அங்கேயே பதிவாகிவிடும். தங்கை வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் ஒதுங்கியவர்கள், மாட்டையும் கோழியையும் விட்டுவர மனமில்லாமல் மேட்டில் சாக்கு விரித்துக் கிடந்தவர்கள், கட்டிலைவிட்டு இறங்க முடியாத பெரியவரோடு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தேடி எழுதுவதுதான் உன் குழுவின் முதல் வேலை. எழுதிய பட்டியலை மாவட்ட அலுவலகத்துக்கு நீயே கொண்டுபோய்க் கொடு. மாவட்டத்தில் பேரிடர்க் குழுவுக்குத் தலைவர் மாவட்ட அதிகாரிதான். பட்டியலின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிட்டு வா.

அடுத்தது ஆவணம். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, சேமநிதிக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னிலோ நெகிழிப் பையிலோ அலமாரியின் அடித்தட்டில்தான் இருக்கும். தண்ணீர் முதலில் தொடுவதும் அடித்தட்டைத்தான். மற்றவர்கள் காகிதம் நனைந்தால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதிவே தாமதமாகி, பல வருடம் அலைந்து ஒரு பத்திரம் பெற்ற பாட்டிக்கு அந்த ஒரு தாள்தான் அவர் இந்த நாட்டில் வாழ்ந்ததற்குச் சாட்சி. நனைந்த தாளை வெயிலில் போடாதே. பிரித்தெடுக்க அவசரப்படாதே. தட்டையாக வைத்து, நிழலில், காற்றில் உலர்த்து. எழுத்து தெரிகிறபோதே கைப்பேசியில் படம் பிடித்துவிடு. அட்டை தொலைந்தவர்களோடு காவல் நிலையத்துக்கும் தேசியப் பதிவு இலாகாவுக்கும் உன் குழுவில் ஒருவர் கூடவே போகட்டும். குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களையும் அட்டையே இல்லாதவர்களையும் கூட்டத்தில் வைத்துக் கேட்காதே. தனியாகக் கேள், மெதுவாகக் கேள். வெட்கப்பட்டு வாய் திறக்காமல் போய்விடுவார்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சொல்கிறேன். சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் சிமெண்டுத் தரையிலிருந்து சுரண்டி எடுக்க இரண்டு மடங்கு உழைப்பு ஆகும். அந்த அவசரத்தில் தொண்டர்கள் செய்யும் கொடுமை ஒன்று உண்டு. வீட்டுக்குள் புகுந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி லோரியில் எறிகிறார்கள். ஊறிப்போன மெத்தை உனக்குக் குப்பைதான். ஆனால் அந்த மெத்தைக்குள் ஓர் அம்மா சீட்டுப் பணத்தைத் தைத்து வைத்திருக்கலாம். சேறு படிந்த பழைய காண்டா வாளி, செத்துப்போன கணவர் கடைசிவரை பால் தூக்கிய வாளியாக இருக்கலாம். வீட்டுக்காரர் "போடு" என்று வாயால் சொல்லாமல் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. வாசலில் ஒரு பாய் விரித்து, சந்தேகமானதையெல்லாம் அதில் வை. வீட்டுப் பெண் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும். சாமி மேடைப் படங்களைத் தொடுவதற்கு முன் கேள். நீ கழுவுவதா, அவர்களே கழுவுவதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். வேலை மெதுவாகும், ஆகட்டும். எல்லாம் பறிபோன மனிதருக்கு "இதை வை, அதைப் போடு" என்று சொல்லும் உரிமையாவது மிஞ்ச வேண்டும்.

உன் குழுப் பிள்ளைகளின் உடம்பையும் பார். 2010இல் பஹாங் லுபுக் யூவில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடிப் போன மீட்பாளர்களிடையே எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸும் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். பலசாலிகளாக உதவப் போனவர்கள் அவர்கள். காலில் பூட்ஸ், கையில் கையுறை இல்லாதவரைச் சேற்றில் இறக்காதே. காலில் புண் உள்ளவருக்குப் பட்டியல் எழுதும் வேலை கொடு. வீடு திரும்பியபின் காய்ச்சலோ, கெண்டைக்கால் தசையில் வலியோ, கண் சிவப்போ வந்தால் அன்றே கிளினிக் போகச் சொல். டாக்டரிடம் வெள்ளத்தில் நின்றதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். அறுந்து கிடக்கும் கம்பி அருகே யாரும் போகக் கூடாது, மின்வாரியத்தின் 15454 எண்ணுக்குச் சொல். குளோரோக்ஸையும் கழிவறை அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதே. பழைய லயங்களில் அஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து கிடந்தால் அதைத் தட்டி நொறுக்காதே, பெருக்காதே. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, துண்டுகளை அப்படியே எடுத்துத் தனியாகக் கட்டு.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னலோரத்திலோ வைக்க விடாதே. இதைச் சொல்லும்போது எனக்குக் கனடா நினைவுக்கு வருகிறது. 1998 ஜனவரியில் கியூபெக்கில் உறைமழை பெய்து, மின்கோபுரங்கள் பனிக்கட்டியின் பாரத்தில் மடிந்து விழுந்தன. சுமார் முப்பது லட்சம் பேர் இருளில் கிடந்தார்கள், சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதம் ஆனது. 2013 டிசம்பரில் டொராண்டோவிலும் அப்படி ஒரு பனிப்புயல். தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோ அதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இந்தப் புயல்களில் குளிர் தாங்காமல் மூடிய வீட்டுக்குள் அடுப்பும் ஜெனரேட்டரும் வைத்த சிலர் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானார்கள். மின்தூக்கி நின்றுபோன அடுக்குமாடிகளில் மேலே சிக்கிய முதியவர்களுக்குக் கைகொடுத்தது, படியேறிப் போய்க் கதவைத் தட்டிய அண்டை வீட்டார்தான். அவர்களுக்குப் பனி, நமக்குச் சேறு. தனியாக இருக்கும் கிழவர் வீட்டுக் கதவை யார் தட்டுவது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சோற்றுப் பொட்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு நாள் அது உயிர் காக்கும். கோயில்களும் குருத்துவாராக்களும் பள்ளிவாசல்களும் சமைத்து அனுப்பியதை 2021இல் நாடே பார்த்தது. ஆனால் அதற்குப் பிறகும் பொட்டலமே வந்துகொண்டிருந்தால் மனிதர் வரிசையில் நிற்கப் பழகிவிடுவார். நான்காம் நாள் கேஸ் அடுப்பு, அரிசி, ஒரு நல்ல சட்டி கொண்டுபோய்க் கொடு. கேஸ் தோம்பின் ரெகுலேட்டரைத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு பற்ற வைக்கட்டும். பெண்களுக்கு உள்ளாடை, மாதவிடாய்த் துணி, முதியவர்களுக்கு டயப்பர் வேண்டியிருக்கும். இவற்றை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், உன் குழுவில் உள்ள பெண்கள்தான் கேட்டறிய வேண்டும். கிழிந்த பழந்துணி மூட்டைகளை மறுத்துவிடு. கொடுப்பவர் கோபித்தாலும் மறு.

சேறு தள்ளுகிற கூலிக்காரர்களையும் மதி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் குப்பையை அள்ளியவர்கள் பிற மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. செய்திப் படங்களில் வந்தவர்கள் வேறு. இங்கேயும் நகராண்மைக் கழகத்துக் குப்பை லோரியில் வருபவர்களுக்கும், கூட நின்று அள்ளும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உன் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அதே பூட்ஸ், அதே தேநீர் கிடைக்க வேண்டும். படம் எடுப்பதைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது. அழும் முகத்தைப் படம் எடுக்காதே. சுத்தமான தரையைப் படம் எடு.

பணம் இல்லை என்று தயங்காதே. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த ஊர் உன் சுங்கை சிப்புட்தான். பால் வெட்டும் தொழிலாளர்கள் மாதம் சிறு தொகை கட்டியே தோட்டங்களை வாங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் மாதம் ஐந்து வெள்ளி கேட்க நீ கூச்சப்பட வேண்டாம். வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கைத் தமிழ்ப்பள்ளி அறிவிப்புப் பலகையிலோ கோயில் சுவரிலோ ஒட்டிவிடு.

முக்கியமாக, ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போ. முதல் வாரம் எல்லாரும் வருவார்கள், அரசியல்வாதியும் வருவார். ஒரு மாதத்துக்குள் சுவரில் பூஞ்சை ஏறியிருக்கும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் வரும், மழை இருட்டினாலே குழந்தை அழத் தொடங்கும், பெரியவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார். அப்போது நீ கையில் எதுவும் கொண்டுபோகாவிட்டாலும் பரவாயில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேள். நிராகரிப்புக் கடிதம் இருந்தால் அதை வாங்கிக்கொண்டு மறுபடி மாவட்ட அலுவலகம் போ.

இப்போது மழை இல்லை. இந்த நாட்களை வீணாக்காதே. வரும் அக்டோபருக்கு முன் உன் வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் லயங்களுக்கெல்லாம் போய், அடுப்புக் கணக்கை எழுதி, தனியாக இருக்கும் முதியவர்களின் பெயர்களைக் குறித்து, வீட்டுக்கொரு நீர்புகாத பை வாங்கிக் கொடுத்து, ஆவணங்களை அதில் போட்டு ஆணியில் உயரமாக மாட்டச் சொல்லிவிட்டு வா. பைகளுக்கு ஆகும் செலவை நான் அனுப்புகிறேன், எத்தனை வீடு என்று மட்டும் எழுது.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து உன் அக்கா