அரும்பொருள் காத்தல்

கோயம்புத்தூரில் 1902ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம், மர மாதிரிகளையும் பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் காத்து வருகிறது. அந்நகரிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018இல் பூச்சிகளுக்கெனத் தனி அருங்காட்சியகத்தைத் திறந்தது. இத்தகைய இடங்களிலுள்ள பொருள்கள் பலவும் ஏதேனும் ஓர் உயிருக்கு உணவாகக் கூடியவை. மரத்தைக் கரையானும் துளைப்பான் வண்டும் அரிக்கும். தோலையும் இறகையும் அந்துப்பூச்சியின் புழு தின்னும். ஊசியில் செருகிய உலர்ந்த பூச்சிகளைச் சிறு வண்டுகளின் புழுக்கள் துகளாக்கிவிடும். இறந்த பூச்சியை உயிருள்ள பூச்சியிடமிருந்து காப்பதும் காப்பாளரின் கடமையாகிறது.

ஒரு மாதிரியோடு அது கிடைத்த இடமும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும். காடு அழிந்தபின் அங்கு வாழ்ந்த உயிருக்கு அதுவே சான்று. அது சிதைந்தால் மீண்டும் பெற இயலாது.

பூஞ்சையோ ஓசையின்றிப் பரவும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 65 விழுக்காட்டைக் கடந்து நீடிக்குமானால் அது முளைக்கத் தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றும், ஐப்பசி, கார்த்திகை மழையும் கோவையில் ஈரத்தைக் கூட்டுகின்றன. ஆகவே, பேழைகளைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக் காற்றோட்டம் தருதல் வேண்டும்.

முற்காலத்தில் பாடம் செய்த விலங்குத் தோல்களில் ஆர்சனிக் நஞ்சைப் பூசுவது உலகெங்கும் வழக்கமாயிருந்தது. அது பூச்சியைத் தடுத்தது. ஆனால், தொட்டவர் உடலுக்கும் கேடாயிற்று. அந்துருண்டையின் ஆவியும் மூடிய அறையில் தீங்கு தருவதே. எனவே, இன்று நஞ்சினும் விழிப்பே முதன்மை பெறுகிறது. புதிதாக வரும் பொருளைத் தனியறையில் வைத்து ஆராய்வர். ஒட்டுப்பொறிகளில் சிக்கியவற்றை எண்ணிப் பதிவர். பேழையின் அடியில் புதுத்துகள் தென்பட்டால் உடனே அப்பொருளைப் பிரித்தெடுப்பர். குளிரைத் தாங்கும் பொருளை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, சுழியத்திற்குக் கீழ் 20 பாகை செல்சியசில் ஓரிரு வாரம் உறையவைத்தால், நஞ்சின்றியே பூச்சிகளும் முட்டைகளும் அழியும்.

ஓலைச்சுவடிகளுக்கு இடையே வசம்பும் வேப்பிலையும் வைத்த முன்னோரும் வருமுன் காத்தலையே கைக்கொண்டனர். நாள்தோறும் பேழையைத் திறந்து பார்க்கும் கண்ணும், தூசு துடைக்கும் கையுமே அரும்பொருள்களின் ஆயுளை நீட்டிக்கின்றன.