பூசைக்கு எது தடை?



2016-ம் ஆண்டு ஜனவரி 23, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சோமர்செட் என்னும் சிறு நகரை அடுத்த நெடுஞ்சாலை வெண்பனியால் மூடிக் கிடந்தது. கருவிலுள்ள சிசுக்களின் உயிருக்காக வாஷிங்டனில் நடந்த ஊர்வலத்துக்குச் சென்று திரும்பிய வாலிபர்கள் பேருந்துகளில் இரா முழுதும் அகப்பட்டிருந்தார்கள். விடிந்தபின் பனியைக் குவித்துப் பீடம் கட்டினார்கள். மரக்கிளைகளால் சிலுவை செய்தார்கள். உடனிருந்த குருக்கள் திவ்விய பலிபூசை ஒப்புக்கொடுக்க, நூற்றுக்கணக்கானோர் பனியில் நின்று பூசை கண்டார்கள். அன்று கடன் நாளல்ல என்பதைக் கவனியுங்கள்.

கடன் நாளிலேயே இப்படிப் பனி வழிமறித்துப் பூசைக்குப் போகக் கூடாமற் போனால்? அது பாவமல்ல. இயலாததைத் திருச்சபை ஒருவர்மேலும் சுமத்துவதில்லை. நோயாளிக்கும், கைக்குழந்தையை விட்டு வர முடியாத தாய்க்கும் இதே நியாயம் உண்டு. ஆனால் அத்தகையோர் தக்க நேரத்தைத் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் செலவிடும்படி 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் மிகவும் பரிந்துரைக்கிறது. கடன் நீங்கினாலும் ஆண்டவருடைய நாள் நீங்குவதில்லை.

தூக்கமும், சிறு தூறலும், வீட்டுக்கு வந்த விருந்தாளியும் தடையாகா. பெற்றோர்களே, காரணம் சொல்லுமுன் உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள்: "இதே தடை இருந்தால் உறவினர் கலியாணத்துக்குப் போகாமல் இருப்பேனா?" போவேன் என்று அது சொன்னால், பூசைக்கும் போக உங்களால் ஆகும்.