பழையனூர் நீலி கதையில் வாய்மையும் தீர்ப்பும்: தேவாரம், நீலகேசி, பெரியபுராணம் காட்டும் பாத்திர நிலைகள்

ஆய்வுச்சுருக்கம்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நீலி கதை சைவ, சமண இலக்கியங்கள் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. ஒவ்வொரு நூலும் இக்கதையின் வெவ்வேறு மாந்தரை அறத்தின் மையமாக்குகிறது. எழுபது வேளாளர் சொல் காத்தவர்களாகப் போற்றப்படுகின்றனர்; எனினும் அவர்கள் வழங்கிய தீர்ப்பு பிழையானது. சொல் காத்தலுக்கும் மெய் காண்டலுக்கும் உள்ள இந்த இடைவெளியை நூல்கள் எவ்வாறு கையாளுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பழையனூர் நீலி, திருவாலங்காடு, வாய்மை, தீர்ப்பு, நீலகேசி, பெரியபுராணம்

முன்னுரை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவள்ளூரைக் கடந்ததும் வரும் ஊர் திருவாலங்காடு. இறைவன் காளியோடு ஆடிய தலம் என்றும், காரைக்காலம்மையார் இருந்து பாடிய தலம் என்றும், ஐந்து சபைகளுள் இரத்தின சபை என்றும் சைவ உலகம் அதனை அறியும். அதன் பக்கத்து ஊராகிய பழையனூரை நாடறியச் செய்தது நீலியின் பெயர்.

மக்கள் வழக்கில் இக்கதையின் வடிவங்கள் சிறுசிறு வேறுபாடுகள் உடையன. பொதுவான நடுப்பகுதி வருமாறு: முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிப் பழிவாங்கக் காத்திருக்கிறாள். மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்த அக்கணவன், காப்பாக ஒரு வாளை ஏந்தியவனாய்ப் பழையனூர் வழியே வருகிறான். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திய நீலி அவனைத் தொடர்கிறாள். அவன் தன் கணவன் என்றும் தன்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்றும் ஊரார்முன் அழுகிறாள். அவளைப் பேய் என்கிறான் வணிகன். எழுபது வேளாளர் கூடி வழக்கைக் கேட்கின்றனர். குழந்தை அவனைத் தந்தையென அழைத்துத் தாவ, அதனையே சான்றாகக் கொண்டு இருவரையும் ஓரிடத்தில் இரவு தங்கப் பணிக்கின்றனர். வாளைப் பிரிய வணிகன் அஞ்ச, ‘உனக்குத் தீங்கு நேரின் எங்கள் உயிரைத் தருவோம்’ என்று உறுதி கூறி வாளை வாங்கிவிடுகின்றனர். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர்.

இக்கதையை வேளாளரின் வாய்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது நெடுங்கால மரபு. ஆயினும் கதையை மீண்டும் கேட்பவருக்கு ஓர் உறுத்தல் எஞ்சும். உண்மை பேசியவன் வணிகன் ஒருவனே. அவனை நம்பாதவர்களும், அவனிடமிருந்த ஒரே காப்பினை அகற்றியவர்களும் அவ்வூர்ச் சான்றோரே. பொய் வென்றது அவர்களுடைய அவையில்தான்.

அஞ்சிய ஊரும் சொல் காத்த ஊரும்

இக்கதையைக் குறிக்கும் பழைய இலக்கியச் சான்று 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகமாகும். அதன் முதற்பாட்டில் நீலி என்ற பெயர் இல்லை, எழுபது என்ற எண்ணும் இல்லை, தீயும் இல்லை. உறவு பாராட்டி வந்து வஞ்சத்தால் உயிர் கொண்ட ஒருத்தியும், அதனைக் கேட்டு அஞ்சும் ஊரும் மட்டுமே உள்ளனர். அவ்வச்சம் எதன் பொருட்டு என்பதைப் பாட்டு விரித்துரைக்கவில்லை. பேய்க்கு அஞ்சிய அச்சமாகவும் கொள்ளலாம். பழிக்கு அஞ்சிய அச்சமாகவும் கொள்ளலாம். வள்ளுவம் பயின்றவர்க்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. அஞ்சத் தகுவதற்கு அஞ்சுவதை அறிவுடைமை என்று கொள்வது அந்நூல்.

ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய சேக்கிழார் இந்த இருபொருளுக்கு இடம் வைக்கவில்லை. சம்பந்தர் ஆலங்காட்டில் பாடிய நிகழ்ச்சியைக் கூறும்போது, பழையனூரார் தாம் உரைத்த மொழியைக் காத்த கதையைச் சிறப்பித்து அப்பதிகம் அமைந்தது என்று அவர் பொருள் வகுத்துவிடுகிறார். அஞ்சிய ஊர் அவர் கையில் சொல் காத்த ஊராகிறது. திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் தொண்டைநாட்டின் மேன்மையைப் பாடுமிடத்தும் இவர்களை நினைக்கிறார். அங்கே அவர் காட்டும் படிமம் துலாக்கோல்: ஒரு தட்டில் தம் உயிர், மறு தட்டில் வணிகனுக்குக் கொடுத்த சொல். நிறுத்துப் பார்த்துச் சொல்லையே காத்தனர் என்கிறார். குன்றத்தூரில் பிறந்த தொண்டைநாட்டு வேளாளர் தம் நாட்டு வேளாளரைப் பாடிய பாட்டு அது. அதில் அன்புச் சார்பு இருப்பது இயல்பே. கவனிக்கத்தக்கது அப்பாட்டில் நீலி இல்லை என்பதே. வணிகன் இருக்கிறான், சொல் இருக்கிறது, வந்துற்ற இடர் இருக்கிறது. இடரை விளைவித்தவள் இல்லை. அவளை உள்ளே விட்டால் அவள் எவ்வாறு அவையை ஏமாற்றினாள் என்ற வினாவும் உடன் வந்துவிடும்.

14ஆம் நூற்றாண்டு உமாபதி சிவாசாரியர் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணத்தில்தான் நீலியின் பெயரும், எழுபது என்ற எண்ணும், தீக்குழியும் ஒருங்கே இடம்பெறுகின்றன. அந்நூல் அவர்களை ஆலங்காட்டு அப்பனின் தூக்கிய திருவடிக்கீழ்ச் சேர்த்துவிடுகிறது. இவ்வாறு அச்சம் வாய்மையாகி, வாய்மை வீடுபேறாகிறது.

சம்பந்தருக்கும் சேக்கிழாருக்கும் இடைப்பட்ட காலத்தில் பழையனூரின் நிலையும் மாறியது. முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததும் 1905இல் கண்டெடுக்கப்பட்டதுமான திருவாலங்காட்டுச் செப்பேடுகள், பிரமதேயமாக இருந்த பழையனூரை வெள்ளான்வகை ஊராக்கித் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த கொடையைப் பதிவு செய்கின்றன. கதையின் மையம் வேளாளரிடம் நகர்ந்ததற்கு இதுவே காரணம் என்று துணிவதற்கில்லை. ஆனால் சேக்கிழார் அறிந்த பழையனூர், கோயிலுக்குரிய வேளாண் ஊர் என்பதை மறந்து அவர் பாட்டைப் படிக்கவும் இயலாது.

நீலகேசி: வாதியாகும் பேய்

சமண நூலாகிய நீலகேசி கதையை வேறு முனையிலிருந்து பற்றுகிறது. ஆசிரியர் பெயர் அறியப்படாத இந்நூலுக்குச் சமய திவாகர வாமன முனிவர் உரை எழுதினார், அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். காளிக்கு ஆட்டுப் பலியிட வந்தவர்களை முனிச்சந்திரர் தடுத்துவிட, அவரை விரட்டத் தென்னாட்டிலிருந்து பழையனூர் நீலி வரவழைக்கப்படுகிறாள். அவள் அச்சுறுத்துகிறாள், முனிவர் அசையவில்லை. அழகிய அரசமகள் வடிவெடுத்து மயக்க வருகிறாள். அவள் யார் என்பதை அவர் அறிந்துகொள்கிறார். இறுதியில் அவள் கொல்லா நெறியை ஏற்று அவருடைய மாணவியாகிறாள். பின்வரும் சருக்கங்களில் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவராக வாதுக்கு அழைத்து வெல்கிறாள்.

இத்தனை பெயர்களுள் நீலியை ஏன் தலைவியாக்க வேண்டும்? விடை, நீலகேசி எதிர்க்க எழுந்த குண்டலகேசியில் உள்ளது. பௌத்த காப்பியத் தலைவி, தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனைத் தானே தள்ளிக் கொன்றவள். பின்னர்த் துறவியாகி வாதில் சிறந்தவள். கணவனைக் கொன்ற ஒருத்தி ஞானம் பெற்று வாதியானாள் என்பது பௌத்தர் கதை. அதற்கு நிகரான சமணத் தலைவியைத் தேடிய புலவருக்குத் தமிழ்நாட்டிலேயே ஒருத்தி இருந்தாள். அவளும் கணவனைக் கொன்றவளே, மேலும் பேய். அவளைத் திருத்திவிட்டால் கொல்லாமையின் ஆற்றலுக்கு அதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. இத்தேர்வு மிகக் கூரிய இலக்கிய உத்தி.

பாத்திர ஒப்பீட்டில் இதன் பயன் மற்றொன்று. பழையனூர் அவை எழுபதின்மர் கூடியும் காணாததை முனிச்சந்திரர் தனியே கண்டார். கண்டபின் அவளைக் கொல்லவில்லை, விரட்டவுமில்லை, அவளோடு பேசினார். அவள் கண்ணீர் விட்டபோது நம்பிய அவை ஒன்று. அவளுடைய அறிவை நம்பிய முனிவர் ஒருவர். நீலி என்ற பாத்திரம் சைவ நூல்களில் பெறாத பேச்சுரிமை முழுவதையும் நீலகேசியில் பெறுகிறது.

இரு வணிகர், ஒரே சொல்

ஆலங்காட்டோடு தொடர்புடைய மற்றொரு பெண்ணின் கதையைச் சேக்கிழார் விரிவாகப் பாடியுள்ளார். காரைக்காலம்மையார் புராணத்தையும் நீலி கதையையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது வியத்தகு ஒற்றுமை புலப்படுகிறது. இரண்டிலும் கணவன் வணிகன். இரண்டிலும் அவன் மனைவியைக் கண்டு அஞ்சி விலகுகிறான். இரண்டிலும் அவள் அவன் இருக்குமிடத்துக்கே வருகிறாள். ஒருத்தியைச் சுற்றத்தார் சிவிகையில் அழைத்து வருகின்றனர், மற்றவள் தானே குழந்தையோடு வருகிறாள். இரண்டிலும் பிறர்முன் கணவன் சொல்வது ஒன்றே: இவள் மனிதப் பிறவி அல்லள்.

பரமதத்தன் அதனைச் சொன்னபோது வணங்கிச் சொன்னான். சுற்றத்தார் திகைத்து நின்றனர். புனிதவதியார் அவன் பொருட்டுச் சுமந்த தசையை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றார். பழையனூர் வணிகன் அதனைச் சொன்னபோது நடுங்கிச் சொன்னான், ஊரார் மறுத்தனர், அவன் மாண்டான். இருவர் கூற்றும் மெய்யே. மெய் ஏற்கப்படுவது சொல்லின் உண்மையைப் பொறுத்ததன்று, கேட்போர் எதனை நம்ப அணியமாயிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதை இவ்விணை காட்டுகிறது. மனைவியைக் கைவிட்டு ஓடும் வணிகன் என்பது ஊரார் அறிந்த கதை. கணவனைத் துரத்தும் பேய் என்பது அவர்கள் அறியாத கதை. அறிந்த கதையை நம்பினர். அவ்வகையில் அவர்களுடைய பிழை கொடுமையால் நேர்ந்ததன்று. ஆதரவற்ற பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரங்கியதால் நேர்ந்தது. இதுவே இக்கதையின் மிகக் கடினமான இடம். உரைகாரரும் சொற்பொழிவாளரும் பெரும்பாலும் இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

பிணையும் பிழையும்

தவறான தீர்ப்புக்கு உயிர் கொடுத்தவர் எனும்போது சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நினைவுக்கு வருவான். இரு அவைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி எதிரொளி போன்றவை. மதுரையில் பெண் மெய் சொல்கிறாள், சான்று சிலம்பு, உடைந்ததும் உண்மை வெளிப்படுகிறது. பழையனூரில் பெண் பொய் சொல்கிறாள், சான்று குழந்தை, அதனை எவரும் சோதிக்கவில்லை. ஒன்றில் கணவனின் கொலைக்குப் பின் வழக்கு; மற்றதில் வழக்கின் விளைவாகக் கொலை.

மரணங்களின் இயல்பும் வேறு. தன் பிழையை அறிந்த கணத்தில் பாண்டியன் உயிர் பிரிகிறது; அது செங்கோல் வளைந்த துயரின் இறப்பு. வேளாளர் இறப்பு அத்தகைய அதிர்ச்சியால் வந்ததன்று. அவர்கள் முன்னரே பிணை நின்றவர்கள். பொழுது விடிந்ததும் பிணைத்தொகையைச் செலுத்தினர். தமது தீர்ப்பு பிழைபட வாய்ப்புண்டு என்பதைத் தீர்ப்பளிக்கும்போதே ஒப்புக்கொண்டு, அப்பிழையின் முழு விலையையும் தம்மேல் ஏற்றிக்கொண்ட அவை அது. சேக்கிழாரின் துலாக்கோல் இதனையே நிறுக்கிறது. அது நிறுக்காதது தீர்ப்பை. ஆராயாது ஒருவரைத் தெளிதலின் துன்பத்தைத் திருக்குறள் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் பேசுகிறது. வாய்மையை வேறோர் அதிகாரத்தில் பேசுகிறது. எழுபதின்மர் இரண்டாவதில் தேர்ந்தனர், முதலாவதில் தவறினர். இதனைச் சொல்வது அவர்களை இழிவுபடுத்துவதாகாது. பிழையே செய்யாதவர் தீயில் இறங்க நேர்ந்திருந்தால் அது வெறும் அவலமாகவே முடிந்திருக்கும்.

அழுகையின் காரணம்

சிலப்பதிகாரத்திலும் ஒரு நீலி உண்டு. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பழிசுமத்திக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் முறையிட்டலைந்து, மலையேறிச் சாபமிட்டு உயிர்விட்டாள் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. பெயரொற்றுமை கொண்டு இருவரையும் ஒருத்தியாக்குவது பொருந்தாது. அவள் கணவனுக்காக வெகுண்டவள், இவள் கணவன்மேல் வெகுண்டவள். எனினும் நீதி கிடைக்காத பெண், மறுபிறப்பு வரை நீளும் வினை ஆகிய இரண்டும் இரு கதைகளிலும் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மேலே கண்ட சைவப் பாடல்கள் பழையனூர் நீலியின் முற்பிறப்புக் கொலையைப் பேசவில்லை. அதனைக் காத்துவந்தது மக்கள் வழக்கு. குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டு மரபில் கள்ளியங்காட்டு நீலி இசக்கியம்மனாகவே வழிபடப்பெறுகிறாள். அங்கே கதைப்பாட்டு அவள் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்குகிறது, அவள் கொன்றதிலிருந்து அன்று. பழையனூரிலோ தீப்பாய்ந்த எழுபதின்மர் நினைவிடம் போற்றப்படுகிறது. ஒரே கதை, வடக்கில் அவையோருக்கும் தெற்கில் அவளுக்கும் கோயில் எடுத்திருக்கிறது.

பொய்யழுகையை ‘நீலிக் கண்ணீர்’ என்பது தமிழ் வழக்கு. அவையின்முன் அவள் சொன்ன வழக்கு பொய், இடுப்பிலிருந்த குழந்தை பொய், கணவன் என்ற உறவும் அப்பிறப்பைப் பொறுத்தவரை பொய். ஆனால் அவன் கையால் ஒருமுறை மாண்டவள் என்ற கதையின் முற்பகுதியை ஏற்போமாயின், அந்தக் கண்ணீர் மட்டும் பொய் என்பதற்குக் கதைக்குள் சான்று எதுவும் இல்லை.