ஒரேயடியாக வேண்டாம், ஒவ்வொன்றாக

இலங்கையில் 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தப்போய், அந்த நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது நினைவிருக்கும். அடுப்படியை இயற்கை உணவுக்கு மாற்றும்போதும் அந்த அவசரம் கூடாது.

முதலில் கீரையை மாற்றுங்கள். வல்லாரையும் பொன்னாங்காணியும் தண்டு நட்டாலே பிடித்துக்கொள்ளும். கிணற்றடி ஈரம் போதும். சிலாபம் போன்ற கரையோர மணலில் தண்ணீர் நிற்காதுதான். அதற்குத் தென்னந்தோட்டக்காரர் உத்தி இருக்கிறது: குழிக்குள் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, சாணமும் மண்ணும் போட்டு நடுங்கள். மட்டை நீரைப் பிடித்து வைக்கும். மீன் கழுவிய தண்ணீரையும் அங்கேயே ஊற்றலாம் (பூனை வரும், பரவாயில்லை).

வீட்டுப் பலாக்காய், ஈரப்பலா, முருங்கையிலைக்குப் பெரும்பாலும் யாரும் மருந்தடிப்பதில்லை. ‘இயற்கை’ என்ற ஒட்டுத்தாளுக்குத் தனிக்காசு எதற்கு?

மீனில் சூடை, சாளை வாங்குங்கள். விலை குறைவு, விரைவாகப் பெருகுபவை. களப்பு நண்டு வாங்கும்போது வயிற்றில் முட்டைத்திரள் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகத் தந்தாலும்.

இப்படி மிச்சமாகும் காசில் சுவந்தல் அல்லது காலு ஹீனட்டி போன்ற பாரம்பரிய அரிசி ஒரு கிலோ வாங்கலாம். ஞாயிறு மதியத்துக்கு மட்டும் சமைத்தால் மாதம் முழுக்கக்கூட வரும்.