பாலைநிலத்திற் சிபி

புறாவின்பொருட்டுத் தன் தசையை அரிந்து துலையேறிய சிபியின் கதையை அறியாதார் தமிழருள் அரியர். சோழர் தம்மை அவன் வழியினர் என்று கூறிச் செம்பியன் என்னும் பெயர் பூண்டனர். பாண்டியன் அவையிற் கண்ணகி தன் ஊரை அறிவிக்கும்போதும் முதற்கண் அவனையே சுட்டுகின்றாள். இங்ஙனம் நம் இலக்கியத்தில் வேரூன்றிய அக்கதையின் பழைய ஓவியமொன்றைக் காணல் வேண்டின், சோழநாட்டிலன்று, சீனத்தின் வடமேற்கே பாலையின் விளிம்பிலுள்ள துன்ஹுவாங்கிற் காணல் வேண்டும்.

பட்டு வணிகர் சென்ற பெருவழி, தக்லமக்கான் பாலைக்கு முன் இவ்வூரையொட்டி இரண்டாகப் பிரிந்தது. மணலில் இறங்குவோரும், பிழைத்து மீண்டோரும் ஆங்குக் காணிக்கை செலுத்தினர். கி.பி. 366-இல் ஒரு துறவி முதற் குகையைக் குடைந்தார் என்பர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அப்பணி தொடர்ந்தது. இன்று 492 குகைகளில் ஓவியங்கள் உள. கூழாங்கற்கள் செறிந்த அப்பாறை சிற்பியின் உளிக்கு இணங்காது. ஆதலின் வைக்கோல் கலந்த மண்ணைச் சுவரிற் பூசி, உலர்ந்தபின் வண்ணம் தீட்டினர். சிலைகளையும் மண்ணாலேயே சமைத்தனர். மாமல்லபுரத்துக் கருங்கல்லைக் கண்டு பழகிய நமக்கு இது சிறுவர் விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் மழை அரிதாகிய அந்நிலத்தில் மண்ணே நிலைத்தது.

254-ஆம் குகையின் வடசுவரிற் சிபி அமர்ந்திருக்கின்றான். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியது அவ்வோவியம். படத்தில் மட்டுமே நாம் அதனைக் கண்டோம். அதுவே நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒருவன் கத்திகொண்டு அரசன் காலின் தசையை அரிகின்றான், ஒருபால் துலாக்கோல், சுற்றிலும் உற்றார் கலங்குகின்றனர். அரசன் முகத்திலோ கலக்கமில்லை. உடலின் மேடுபள்ளம் தோன்ற ஓரங்களில் வண்ணத்தை அழுத்தித் தீட்டும் முறை இந்தியாவினின்று சென்றது. இளஞ்சிவப்பாயிருந்த அவ்வோரங்கள் காலப்போக்கிற் கறுத்து, இன்று மைக்கோடுகளாய்க் காண்கின்றன. சிபியின் கதை அஜந்தாவின் முதற் குகையிலும் உண்டு.

இடையே ஒன்று கூறாதிருத்தல் இயலவில்லை. துன்ஹுவாங்கில் நெடுங்காலம் மூடிக்கிடந்த ஓர் அறை 1900-இல் திறக்கப்பட்டது. பல்லாயிரம் பௌத்தச் சுவடிகளோடு, கிறிஸ்து பிறந்த இரவில் தூதர் பாடிய துதியைத் தொடக்கமாகக் கொண்ட பாட்டின் சீன மொழிபெயர்ப்பும் அதனுட் கிடந்தது. பாரசீகத் திருச்சபையார் அவ்வழியே கொண்டுசென்றது அது. நம் பரங்கிமலையில் 1547-இற் கிடைத்த பஹ்லவி எழுத்துடைய சிலுவையும் பாரசீகத் தொடர்பினதே.

நிற்க. தமிழகத்துப் பௌத்தர் ஓவியம் அறியாதவரோ? மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், செங்கல் மாளிகைகளின் வெண்சுதைச் சுவரில் தீட்டிய ஓவியங்களைக் கண்டு மக்கள் மயங்கி நிற்கின்றனர். மயிலாப்பூரிற் பிறந்த மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940-இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூலைக் கற்றபோதே, தமிழகத்தில் எத்துணை ஊர்களிற் பௌத்தப் பள்ளிகள் இருந்தன என்று உணர்ந்தோம். அவற்றின் செங்கல்லும் சுதையும் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் இரையாயின; பிற கட்டடங்கட்குக் கல் பெயர்த்தாரும் உளர். நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகள் மண்ணுட் புதையுண்டமையால் தப்பின. அவற்றுட் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்திற் காணலாம். காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தில் 1960-களில் அகழ்ந்தபோது செங்கல் விகாரமும் புத்தர் பாதம் பொறித்த கல்லும் வெளிப்பட்டன. ஓவியம் தாங்கியிருக்கக்கூடிய மேற்சுவர் கிடைத்திலது.