லீக்கை நம்பி லாட் எடுக்காதீர்கள்

ஆப்பிள் புது ஐபோனை எப்போது விடும் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் செப்டம்பர் என்று சொல்லிவிடுவேன். இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. 2012இல் ஐபோன் 5 செப்டம்பர் 12ஆம் தேதி வந்தது. 2014இல் 9, 2017இல் 12, 2019இல் 10, 2023இல் 12, 2024இல் 9. அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தின விடுமுறை. அது கழிந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் அநேகமாக அறிவிப்பு வந்துவிடும். பெரும்பாலும் அந்த வெள்ளிக்கிழமை முன்பதிவு, அடுத்த வெள்ளிக்கிழமை விற்பனை. தேதி தெரிந்துகொள்ள ராத்திரி முழுக்க யூட்யூப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

என்ன வடிவத்தில் வரும் என்ற கேள்வியில்தான் பணம் போகிறது. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேக் கேஸ், டெம்பர்ட் கிளாஸ், வாட்ச் கவர், கேபிள் மொத்த வியாபாரம் செய்கிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் என்னைப் போலப் பத்துக்குப் பத்து கடை, மாடியில் ஒரு குடோன், சொந்தக்காரரோடு பாதிப் பங்கு என்றுதான் இருக்கும். சீனாவிலிருந்து ஜூலை, ஆகஸ்ட்டிலேயே உங்களுக்கும் மெசேஜ் வந்திருக்கும்: புது மாடல் மோல்டு தயார், முதலில் எடுப்பவருக்கு முதல் லாபம், முப்பது சதவீதம் அட்வான்ஸ், மீதி சரக்கு ஏற்றும்போது. கூடவே அலுமினியத்தில் செய்த டம்மியின் படம் ஒன்று. பார்த்தால் அசல் போலவே இருக்கும்.

2021இல் எங்கள் கடைக்கு அப்படி வந்தது ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 7. அந்த வருடம் மே மாதமே ஒரு அமெரிக்க யூட்யூபர் படம் வெளியிட்டுவிட்டார். வாட்ச்சின் பக்கங்கள் தட்டையாக, ஓரம் கூர்மையாக இருந்தன. பிறகு பல பேர் அதையே சொன்னார்கள். அளவும் மாறும், 40, 44 மில்லிமீட்டர் போய் 41, 45 வரும் என்றார்கள். சீனத்துச் சந்தையில் அந்த வடிவத்திலேயே போலி வாட்ச்கூட வந்துவிட்டது. அப்போது என் பங்குதாரர் என் தங்கை வீட்டுக்காரர். அவருக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"மச்சான், ஐபேட் ப்ரோ 2018லயே தட்டை ஆயிடுச்சு. போன வருஷம் ஐபோன் 12 தட்டை. இந்த வருஷம் ஐமேக்கும் தட்டை. வாட்ச் மட்டும் உருண்டையாவா வரும்?"

"மாப்ள, மேடையில காட்டட்டும். காட்டின அன்னைக்கு ராத்திரியே ஆர்டர் போடலாம்" என்றேன்.

"அதுக்குள்ள தெரு முழுக்க சரக்கு இறங்கிடும்" என்றார்.

ஆர்டர் போட்டுவிட்டார். கையெழுத்து அவருடையது, பணத்தில் பாதி என்னுடையது. 41க்கும் 45க்கும் பம்பர் கேஸ், கண்ணாடியோடு சேர்ந்த முழுக் கவர் எல்லாம் தட்டை ஓரத்துக்கு வார்த்தவை. செப்டம்பர் 14ஆம் தேதி அறிவிப்பு வந்தது. முனைகள் முன்னைவிட மென்மையாக, இன்னும் வளைவாக இருக்கின்றன என்று ஆப்பிளே பெருமையாகச் சொன்னது. அளவு மட்டும் சரி, 41, 45 தான். எங்கள் கவரைப் போட்டால் கண்ணாடி ஓரத்தில் இடைவெளி விட்டு நின்றது. இன்னும் ஒன்று: வாட்ச் எந்தத் தேதியில் விற்பனைக்கு வரும் என்றுகூட அன்று சொல்லவில்லை. அக்டோபர் 8ஆம் தேதி முன்பதிவு, 15ஆம் தேதி கடைக்கு. அவசரப்பட்டு ஆகஸ்ட்டில் பணம் கட்டியதற்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. அறிவிப்பு வந்தபின் ஒரு மாதம் முழுசாக இருந்தது. அந்த ஒரு மாதத்தில் சரியான மோல்டில் சரக்கு வரவழைத்தவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

இந்தத் தவறின் உள்ளே இருப்பதை நன்றாகப் பாருங்கள், ஏனென்றால் இதே தவறு ஒவ்வொரு வருடமும் வேறு உருவில் வரும். அளவு பற்றிய செய்தி உண்மை. அந்த உண்மைதான் தங்கை வீட்டுக்காரரின் கண்ணை மறைத்தது. ஒரு வாயிலிருந்து இரண்டு செய்தி வந்தால் இரண்டையும் ஒரே தராசில் வைத்தார். டிஸ்ப்ளே அளவு சப்ளையர்கள் பலருக்குத் தெரியும் விஷயம், பேனல் செய்பவனுக்கு அது தெரியாமல் வேலை நடக்காது. வெளி உடம்பின் வளைவு அப்படிப் பல கைகள் மாறுவதில்லை. ஒவ்வொரு செய்தியையும் தனியாகப் பிரித்து, இது யாருக்குத் தெரிந்திருக்க முடியும் என்று கேட்க வேண்டும். பாதி சரியான செய்தி முழுப் பொய்யைவிட அதிகப் பணத்தை இழுத்துக்கொண்டு போகும்.

"எல்லாம் தட்டை, அதனால் இதுவும் தட்டை" என்ற வாதமும் அப்படித்தான். ஐபோன் பாக்கெட்டில் கிடப்பது, வாட்ச் தோலில் உரசுவது.

2022 செப்டம்பரில் ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா தட்டைக் கண்ணாடியோடு வந்தபோது அவர் குடும்ப விசேஷத்தில் நாலு பேர் முன்னால் சொன்னார்: "அன்னைக்கே சொன்னேன்ல? ஒரு வருஷம் லேட், அவ்வளவுதான்." அல்ட்ராவின் அளவு 49 மில்லிமீட்டர். குடோனில் கிடந்தது 41, 45. எந்த வாட்ச்சுக்கும் பொருந்தாத கவரை "கணிப்பு சரி" என்று சொல்லி விற்க முடியாது. அன்று சபையில் நான் பேசவில்லை, இங்கே சொல்கிறேன். சரியான வடிவில் 41, 45 எடுத்தவர்கள் அதே மோல்டை சீரிஸ் 8க்கும் சீரிஸ் 9க்கும் விற்றார்கள். 2024இல் சீரிஸ் 10 வந்து 42, 46 ஆகும்வரை மூன்று வருடம் அந்த அளவு ஓடியது. முதல் வாரத்தைப் பிடிக்கப் போய் மூன்று வருடத்தை விட்டோம்.

முதல் வாரத்தில் வாங்குபவர்கள் எத்தனை பேர்? நம் தெருவுக்கு ஐபோன் கூட்டம் தீபாவளிச் சலுகைக்குப் பிறகுதான் வரும். புது மாடல் வந்ததும் பழைய மாடலின் விலை இறங்கும். ஐபோன் 15 வந்தபோது 79,900 ரூபாய் இருந்த ஐபோன் 14, 69,900 ஆனது. அப்போது நம்மிடம் கேட்பது 14க்கான கேஸ். புதிதாக வருவதைத் துரத்துபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

தங்கை வீட்டுக்காரரோடு பங்கு பிரிந்த பிறகு என் கடையில் நான் எதை நம்புகிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம். ஐபோன் 15இல் சார்ஜிங் துளை மாறும் என்பதற்கு லீக் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 2022 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் பொது சார்ஜர் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 டிசம்பர் 28க்குப் பிறகு அங்கே விற்பனைக்கு வரும் போன்களில் யூஎஸ்பி-சி இருந்தாக வேண்டும். சட்டம் நிறைவேறிய அதே மாதம் ஆப்பிளின் மார்க்கெட்டிங் தலைவர் கிரெக் ஜோஸ்வியாக், சட்டத்துக்குக் கட்டுப்படத்தான் வேண்டும் என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். 2012இல் லைட்னிங்கை அறிமுகம் செய்தபோது அடுத்த பத்தாண்டுக்கான இணைப்பு என்று அன்று அந்தப் பதவியில் இருந்த ஃபில் ஷில்லர் சொல்லியிருந்தார். பத்தாண்டும் முடிந்துவிட்டது. 2023 பொங்கலுக்கே லைட்னிங் கேபிள் ஆர்டரைக் குறைத்தேன். நிறுத்தவில்லை. 11, 12, 13 வைத்திருப்பவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் கேபிள் அறுந்துகொண்டுதான் இருக்கும். செப்டம்பர் 12ஆம் தேதி யூஎஸ்பி-சி வந்தது. என் குடோனில் தேங்கிய சரக்கு இல்லை.

அடுத்தது கம்பெனியே பங்குச்சந்தைக்குச் சொல்லும் வார்த்தை. 2020 ஜூலை 30ஆம் தேதி காலாண்டுக் கணக்கு அறிவித்தபோது அன்றைய நிதித் தலைவர் லூக்கா மாயெஸ்ட்ரி, போன வருடம் செப்டம்பர் இறுதியில் விற்பனை தொடங்கியது, இந்த வருடம் சில வாரங்கள் தள்ளிப்போகும் என்று நேரடியாகச் சொன்னார். அதைக் கேட்காமல் செப்டம்பருக்கு ஐபோன் 12 கிளாஸ் இறக்கியவர்கள் எனக்குத் தெரியும். அக்டோபர் 13ஆம் தேதிதான் அறிவிப்பு. மினியும் ப்ரோ மேக்ஸும் நவம்பர் 13க்குத்தான் கடைக்கு வந்தன. முதலீட்டாளர்களிடம் பொய் சொன்னால் வழக்கு வரும், நம்மிடம் பொய் சொன்னால் லைக் வரும். யாருடைய பேச்சை நம்புவது என்று இதிலிருந்தே தெரியும்.

பதிவு ஆவணங்களையும் பாருங்கள். ரஷ்யா உள்ளிட்ட யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் குறியாக்கம் உள்ள கருவிகளை முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தப் பட்டியலில் ஆப்பிளின் 'ஏ' எழுத்தில் தொடங்கும் புது மாடல் எண்கள் வந்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். உருவம் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை விற்பனைக்கு ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கும்போதே காட்டினார். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதிக்குப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும், அதைவிட நாமே காட்டுவது மேல் என்று மேடையிலேயே காரணமும் சொன்னார்.

கம்பெனியின் மென்பொருளே சில நேரம் காட்டிக்கொடுக்கும். 2017 ஜூலை இறுதியில் ஹோம்பாட் ஸ்பீக்கருக்கான மென்பொருளை ஆப்பிள் தவறுதலாக வெளியே விட்டது. அதைக் குடைந்து பார்த்த டெவலப்பர்கள், மேல்பக்கம் நாட்ச் வெட்டிய ஒரு போனின் கோட்டுப்படத்தை எடுத்தார்கள். அதுதான் ஐபோன் எக்ஸ். என் நம்பிக்கைப் பட்டியலில் டம்மி கடைசி. டம்மி செய்பவனுக்கு வியாபாரம் டம்மியும் மோல்டும்தான். வடிவம் தவறானால் அவன் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டான்.

பெயரை அச்சடிக்காதீர்கள். 2020 ஏப்ரலில் வந்ததை ஊரெல்லாம் ஐபோன் 9 என்றது, ஆப்பிள் எஸ்இ என்றது. 2025 பிப்ரவரியில் வந்ததை எஸ்இ 4 என்றார்கள், வந்தது 16இ. ஐபோன் 9 என்ற பெயரில் ஆப்பிள் எந்தப் போனையும் விட்டதில்லை. கவர் பெட்டியில் பெயருக்கு இடம் விட்டு வையுங்கள், அறிவித்த பிறகு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

பழைய உடம்பில் புது போன் வரும் என்ற செய்தியை மட்டும் நான் துணிந்து பயன்படுத்துவேன். 2020இல் வந்த எஸ்இயின் உடம்பு அப்படியே ஐபோன் 8 உடையது. அப்படித்தான் வரும் என்று மிங்-சி குவோ முன்பே எழுதியிருந்தார். அவர் ஆசிய சப்ளையர்களிடமிருந்து தகவல் திரட்டும் ஆய்வாளர், பழைய மோல்டும் பழைய பேனலும் மறுபடி ஓடினால் அவருக்குத் தெரியத்தான் செய்யும். தங்கை வீட்டுக்காரர் ஐபோன் 8 கேஸைக் கழிவு விலைக்குத் தள்ளச் சொன்னார். நான் மறுத்தேன். செய்தி தவறினாலும் 8 வைத்திருப்பவர்களுக்கு அது விற்கும், அதனால் பயமில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் எஸ்இக்கென்று கேட்டு வாங்கிப் போனார்கள். 2022 மார்ச்சில் அடுத்த எஸ்இயும் அதே உடம்பில் வந்தது.

அதற்காக உடம்பு ஒன்றே என்றவுடன் பாய்ந்துவிடவும் கூடாது. ஐபோன் 12உம் 13உம் நீளம், அகலம் ஒன்றுதான், 146.7க்கு 71.5 மில்லிமீட்டர். 13இல் கேமரா குறுக்காகப் போய்விட்டது, கேஸின் கட் அவுட் பொருந்தாது.

மேடையில் காட்டியதும்கூட விற்பனைக்கு வரும்வரை சரக்கு ஆகாது. ஏர்பவர் சார்ஜிங் பாயை 2017 செப்டம்பரில் காட்டினார்கள். 2018இல் வரும் என்றார்கள். 2019 மார்ச் 29 அன்று கைவிட்டோம் என்று அறிவித்தார்கள். கஸ்டமரிடம் அதற்கு அட்வான்ஸ் வாங்கலாம் என்ற யோசனையும் எங்கள் கடையில் வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு விஷயம், இது பணத்தைப் பற்றியது இல்லை. ஐபோன் 14 இந்தியாவில் தயாராவதை 2022 செப்டம்பரில் ஆப்பிளே உறுதி செய்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் விடுதியில் தங்கி அந்த வேலை பார்க்கிறார்கள். இப்போது நம் தெருவில் சிலர், சொந்தக்காரப் பெண் யாராவது அங்கே வேலை செய்கிறாளா, ஒரு போட்டோ, ஒரு அளவு கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். தங்கை வீட்டுக்காரரும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியிடம் போனில் கேட்டார். அவள் அழுதுகொண்டு என் மனைவியிடம் சொன்னாள். பங்கு பிரிந்தது வாட்ச் கவர் நஷ்டத்தால் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள், காரணம் இந்த ஒரு போன் கால். அந்தப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். செல்போன்கூட உள்ளே கொண்டுபோக முடியாத இடத்தில், முழு வடிவமும் தெரியாத ஒரு வேலையைச் செய்பவளிடம் நீங்கள் கேட்பது அவளுடைய வேலையை. தயவுசெய்து அவர்களிடம் கேட்காதீர்கள்.